விளக்கில் பேட்டரி இல்லை

“மறுபடியும் அவன்தான்! இந்த வாரம் என்ன எழுதியிருக்கான் தெரியுமா? விளக்குக்குள்ள பேட்டரி இருக்காம்!”

எழுத்தாளர் கடிதத்தை மேசையில் அடித்த வேகத்தில் காபி தளும்பிச் சிந்தியது. கம்ப்யூட்டரில் அடித்த கடிதம். கீழே ‘உங்கள் தீவிர வாசகன்’ என்று மட்டும் இருந்தது.

மூன்று மாடி ஏறி வந்த மூச்சே அடங்காமல் உட்கார்ந்திருந்தார் பதிப்பாளர். எழுத்தாளரின் மாயாஜாலத் தொடரில் ஐந்தாம் பாகம் வந்து நான்கு வருடமாகிறது. கடைசிப் பாகம் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று வாசகர்களுக்குச் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்துவிட்டது. மீதிக் கதையை வேறொருவரை வைத்து எழுதிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போகத்தான் இன்று வந்திருந்தார்.

“அண்ணே, ஆறாவது பாகம்...”

“வரலைப்பா. பேனாவைத் தொட்டாலே அலுப்பா இருக்கு. யாரை வேணா வெச்சு எழுதிக்கோ.”

சொல்ல வந்ததை அவரே சொல்லிவிட்டார். பதிப்பாளருக்கு நிம்மதி வரவில்லை.

“ஆனா இவனை விடமாட்டேன்!” எழுத்தாளர் கடிதத்தைப் பார்த்துக் கத்தினார். “மந்திரமே கிடையாதாம், எல்லாம் அந்தக் காலத்து மெஷினாம். ஓட்டத் தெரிஞ்சவங்க செத்துட்டாங்களாம். கையேட்டுல இருந்ததைத்தான் மந்திரம்னு முணுமுணுக்கிறாங்களாம்! டேய், என் கதாநாயகி தன் ஞாபகத்தைப் போட்டு அந்த விளக்கை எரிக்கிறாடா! கடைசிக் கதவுக்குப் பின்னால அவ பிள்ளை அடைஞ்சு கிடக்கான். கதவு திறக்கணும்னா அவன் முகத்தையே விளக்குல போடணும். போடுவா. திறக்கும். ஓடி வர்ற பிள்ளையைப் பார்த்து, ‘யாரப்பா நீ?’ன்னு கேட்பா. இது பேட்டரியாடா?”

பதிப்பாளருக்கு உடம்பு சிலிர்த்தது.

எழுத்தாளர் ஒரு கத்தைத் தாளை அள்ளிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார், பதில் எழுத.

அவருடைய மனைவி வந்து சிந்திய காபியைத் துடைத்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

“எப்பவும் இதே கூத்துதானா அண்ணி?”

“வாரம் ஒரு கடிதம் தம்பி. இவர் பதில் மட்டும் இருபது பக்கம். தபால்ல போடுன்னு என்கிட்ட குடுத்துடுவார்.”

“அந்த ஆள் விலாசத்தைக் குடுங்க. இனிமே எழுதாதேன்னு நானே சொல்லிடறேன். அண்ணன் உடம்பு என்னத்துக்கு ஆகும்?”

“ஐயோ, அதை மட்டும் செஞ்சுடாதீங்க!”

அலமாரியிலிருந்து கயிறு கட்டிய தடித்த கட்டு ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அத்தனையும் எழுத்தாளரின் கையெழுத்து. ஒரு தாள்கூடத் தபாலுக்குப் போயிருக்கவில்லை.

“‘டேய்’னு வர்ற இடத்தையெல்லாம் அடிச்சுட்டீங்கன்னா, அதான் தம்பி ஆறாவது பாகம்.”

பதிப்பாளர் கயிற்றை அவிழ்த்துத் தாள்களைப் புரட்டினார். அவள் எதிர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

“பிள்ளை வெளியே வந்ததுக்கப்புறம் என்ன ஆச்சுங்கறது மட்டும்தான் பாக்கி. அதுக்கு அவரைக் கிளப்பிவிட எதை மெஷின்னு சொல்லலாம், நீங்களே ஒண்ணு சொல்லுங்க. முப்பத்தெட்டு கடிதம் எழுதி எனக்கும் அலுத்துப்போச்சு.”