சிவப்புச் சக்கரம்

கடைசிப் புல்தரைத் துண்டை மேயர் ராய்ஸ் பக்னர் தம் கையாலேயே பதித்தார். பதித்துவிட்டுக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தால், ஊர்ப் பெரிய மனிதர் யாரையோ அடக்கம் செய்கிறார்கள் என்றுதான் தோன்றும்.

அடக்கமானது ஊர் நீச்சல் குளம். திங்கட்கிழமை முதல் கறுப்பர்களையும் அதில் இறங்க விட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. குளம் இருந்தால்தானே இறங்குவார்கள்? நகர மன்றம் பதினொரு நிமிடத்தில் முடிவெடுத்தது.

குளத்தை மூடுவதென்றால் மண்ணைக் கொட்டினால் மட்டும் போதாது. தண்ணீரை வடித்துவிட்டு, அடியில் சிமெண்டில் ஆங்காங்கே ஓட்டை போட வேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் உள்ளே தேங்கி மேல்தரை சொதசொதவென்று ஆகிவிடும். பிறகு உடைகல், அதன்மேல் அலபாமாச் செம்மண், அதை உருளை விட்டு இறுக்கிப் புல். மேயர் இதில் ஒன்றையும் விடவில்லை. ஆற்றுப் பாலத்துக்கு ஆறு வருடமாகக் கல் கிடைக்காத ஊரில், நூற்று நாற்பது லாரி மண் ஒன்பதே நாளில் வந்து இறங்கியது.

மேயரின் மனைவி வெர்னா பொரித்த கோழித் தட்டுகளோடு வந்தாள். மேட்டுத் தெரு வீட்டிலிருந்து காரில் கொண்டுவந்தவை.

"ராய்ஸ், வீட்டுக் குழாய்ல காலையிலேருந்து தண்ணி நூல் மாதிரி வருது. பாத்திரம் கழுவக்கூட முடியல."

"ஆகஸ்ட் மாசம் மேட்டுல அப்படித்தான் வரும், வெர்னா. இன்னும் கோழி இருக்கா?"

"தோட்டத்து அடுப்பு கனிஞ்சுக்கிட்டுதான் இருக்கு. இது தீர்ந்தா அடுத்த ஈடு போடணும்."

அப்போதுதான் எஸெல் கிரேடி தொப்பியைக் கையில் பிடித்தபடி அருகே வந்தார். பத்தொன்பது வருடம் குளத்துப் பம்பு அறையைப் பார்த்துக்கொண்ட கறுப்பர். அத்தனை வருடத்தில் அந்தத் தண்ணீரில் அவர் கால்விரல்கூட நனைந்ததில்லை.

"ஐயா, பம்பு அறைக் குழாயத் திறக்கற அந்தச் சிவப்புச் சக்கரத்தைப் பத்தி ஒரு வார்த்தை..."

மேயர் கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தார். "மூணாவது தடவையா வந்துட்டான். டேய் பையா, அந்தச் சக்கரத்து மேல அப்படி என்ன பாசம் உனக்கு? திங்கட்கிழமை மோட்டார விக்கப்போறேன். சக்கரத்த நீ கழட்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போ!"

பையனுக்கு வயது ஐம்பத்தாறு. மேயருக்கு நாற்பத்திரண்டு. கூட்டம் சிரித்தது.

"வேலை போனது எனக்கும் வருத்தந்தான்" என்றார் மேயர், பெருந்தன்மையாக.

"வேலையப் பத்தி இல்லீங்க ஐயா. மேட்டுத் தெருவுக்கு..."

"மேட்டுத் தெருவப் பத்தி நீ என்ன பேசறது? அங்க இருக்கறவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு? போ, போய் அந்த அறையப் பெருக்கி வை."

எஸெல் தொப்பியைப் போட்டுக்கொண்டு, புல்தரையை ஒட்டியிருந்த பம்பு அறைப் பக்கம் நடந்தார்.

மேயர் புல்தரை நடுவில் ஏறி நின்றார். "வாஷிங்டன்ல இருக்கறவங்க கேட்டுக்கட்டும்! நம்ம குளத்துத் தண்ணி ஒரு சொட்டுகூட வேத்து ஆள் மேல படாது. அதுக்கு நான் உத்தரவாதம்!"

கைதட்டல் அடங்குவதற்குள் வெர்னா அலறினாள். மேட்டில், அவர்கள் வீட்டுக் கூரை புகைந்துகொண்டிருந்தது. அடுப்புப் பொறி பறந்து மரஓட்டில் உட்கார்ந்துவிட்டது.

விழாவுக்கென்று தோரணம் கட்டி நிறுத்தியிருந்த தீயணைப்பு வண்டி தோரணத்தோடே ஓடியது. பின்னாலேயே மேயரின் கார். நான்கே நிமிடத்தில் தெருமுனைக் குழாயில் ரப்பர் குழாயை மாட்டினார்கள். அது விறைத்து நிமிர்ந்து கூரையில் ஒருமுறை பீய்ச்சியது. அப்புறம் இருமி இருமித் தொய்ந்துபோனது.

தீயணைப்புத் தலைவர் டாலிவர் அந்த ஊருக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. வண்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த பழைய அட்டையைத் தேடிப் படித்தார்: 'மேட்டுத் தெருவில் தண்ணீர் குறைந்தால், பம்பு அறையில் சிவப்புச் சக்கரத்தைத் திறக்கவும்.'

"மேயர், அந்தச் சக்கரம் எங்க இருக்குன்னு தெரியுமா?"

மேயருக்கு நன்றாகத் தெரியும். காரைத் திருப்பிக்கொண்டு இறக்கத்தில் பறந்தார். புதுப் புல்லைச் சக்கரங்கள் உழ, நேராகப் பம்பு அறை வாசலுக்கே ஓட்டிக் குதித்து இறங்கினார்.

"எஸெல்! சிவப்புச் சக்கரம்! திற, சீக்கிரம்!"

எஸெல் கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தார். மோட்டாரைப் போட்டார். சக்கரத்தைப் பன்னிரண்டு சுற்று, அது நிற்கிற வரைக்கும் சுற்றினார். மோட்டார் வழக்கமான உறுமலை விட்டு, கீச்சென்று காற்றை மென்றது.

மேயர் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ரப்பர் குழாய் அசையவில்லை. கூரை நடுவில் மளமளவென்று இறங்கியது.

"முழுசாத் திறந்தியா?"

"முழுசாத் திறந்துட்டேங்க."

"அப்புறம் ஏன் வரல? என்ன எழவு சக்கரம் இது? இந்தக் குழாய்க்கு எங்கேருந்துடா தண்ணி வரும்?"

எஸெல் மேயரின் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய பாலிஷ் போட்ட பூட்ஸைப் பார்த்தார். அவை இரண்டும் புதுப் புல்லில் அழுத்தமாகப் பதிந்திருந்தன.

"நீங்க நிக்கற எடத்துலேருந்துதாங்க, ஐயா."