மீதி இருந்த ஒரு கோர்

கால் முறிந்து கிடந்த அக்கா, தன் பேத்தியை இன்னும் பார்க்கவில்லை. அவள் மகள் இருக்கும் ஊரையாவது மேலிருந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஆனால் என் கணினியில் ஓடும் விமான விளையாட்டு, அந்த ஊரை நெருங்கியதும் திக்கித் திக்கி நின்றுவிடும்.

"ஏன்டா, உன் ஏரோப்ளேனுக்கும் கால் உடைஞ்சிருச்சா?" என்றாள் அக்கா.

கணினியின் மூளையான பிராசஸரின் அமைப்பைத் திறந்தேன். தனித்தனியாக வேலை செய்யும் அதன் எட்டு கோர்களில் ஒன்றை மட்டும் கணினியின் சொந்த வேலைகளுக்கு விட்டுவிட்டு, மற்ற ஏழையும் விமானத்துக்குக் கொடுத்தேன். படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அக்காவின் சக்கர நாற்காலியைத் திரைக்கு அருகில் தள்ளி வைத்துவிட்டு, விமானத்தைக் கிளப்பினேன். ஆறு வந்தது, பாலம் வந்தது. மகள் வீட்டு மொட்டைமாடிக்கு மேல் தாழப் பறந்தபோது, அக்கா சின்னப் பிள்ளைபோல் கையாட்டினாள்.

"இன்னொரு சுத்து சுத்துடா!"

சுற்றினேன். மறுபடியும் ஆட்டினாள். அப்போது அவள் கைபேசி அடித்தது. மகள்தான்.

"ஏம்மா, ரெண்டு தடவை கையாட்டிட்டு அப்படியே போறீங்களே! மாமாவை இறக்கச் சொல்லுங்க. பாப்பாவைத் தூக்கிட்டு மாடியிலயே நிக்கிறேன்."

அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"காதுல விழுந்துச்சுல்ல? இறக்குடா!"

மீதி இருந்த அந்த ஒரு கோரையும் விமானத்துக்குக் கொடுத்துவிட்டு, சக்கரங்களை இறக்கினேன்.