கொக்கி இல்லாத கதவு

பிரபாவதியும் சிகாமணியும் ஊர் ஊராகச் சுற்றியபடி குடியிருந்த வேன் வண்டிக்குள் பழைய சின்ன ஃப்ரிட்ஜ் குளிர்வதை நிறுத்தியதும், வீடுகளில் வைக்கிற பெரிய ஃப்ரிட்ஜ் ஒன்றை அவன் வாங்கி வந்தான். கதவு வழியாக அது நுழையவில்லை. முன்கண்ணாடியைக் கழற்றி ஆள்வைத்து உள்ளே இறக்கினார்கள். கண்ணாடியை மறுபடி பொருத்தியதும் சிகாமணி ஃப்ரிட்ஜுக்குச் சந்தனப் பொட்டு வைத்தான்.

பிரபாவதி அதன் கதவைத் திறந்து மூடினாள். பழையதில் ஒரு கொக்கி உண்டு. வளைவுகளில் வண்டி சாயும்போது கதவு திறந்து பால் கொட்டிவிடாமல் அது பிடித்துக்கொள்ளும். இதில் விளிம்பெல்லாம் தடவிப் பார்த்தாள்.

"கொக்கி எங்கங்க?"

"வீட்டு ஃப்ரிட்ஜுக்கு எதுக்குடி கொக்கி? அது என்ன ஓடியா போகப்போகுது?"

"அது ஓடாது. வண்டி ஓடுமில்ல?"

அவன் ஐஸ் தட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். "இங்க நிழல் இருக்கு, தண்ணி இருக்கு, கரண்ட் இருக்கு. இனிமே எங்க போகணும்?"

"மலையைத் தாண்டினா கடல்னு நீங்கதான சொன்னீங்க?"

"கடல் அங்கயேதான் இருக்கும்."

அவள் வெளியே போனாள். வேனுக்கும் வேப்பமரத்துக்கும் இடையே அவன் கட்டியிருந்த கொடியிலிருந்து துணிகளை எடுத்தாள். பிறகு கயிற்றையே அவிழ்த்து வந்து, ஃப்ரிட்ஜைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

சற்று நேரம் கழித்து ஃப்ரிட்ஜிலிருந்து தண்ணீர் எடுக்க வந்த சிகாமணி முடிச்சைப் பார்த்தான். விரலை விட்டு இழுத்தும் பார்த்தான்.

"இது முதல் வளைவுலயே அவுந்துடும்" என்றான்.