உள்ளே தெரிய வேண்டும்

"பூப் போட்ட கண்ணாடி வேணாம்மா. புகை மூட்டமா இருக்கற கண்ணாடியும் வேணாம். உள்ள நின்னு குளிக்கிறவங்க பளிச்சுன்னு தெரியணும். அப்படி ஒண்ணு காட்டு" என்றார் சுப்புராயன்.

கடலூர் செம்மண்டலத்தில் பாத்ரூம் சாமான்கள் விற்கும் அந்த ஷோரூமில் சத்யப்பிரியா சேர்ந்து இருபது நாள்தான் ஆகிறது. ஷவருக்குக் கண்ணாடி கேட்டு வந்த எல்லோரும் உள்ளே தெரியாத கண்ணாடியைத்தான் கேட்டிருந்தார்கள். தெரிய வேண்டும் என்று கேட்ட முதல் ஆள் இவர். வயது எழுபதுக்குக் குறையாது.

"யாரு குளிக்கறதுக்கு சார்?"

"என் சம்சாரம் இருசம்மாளுக்கு. இவதான்" என்று பக்கத்தில் நின்றவளைக் காட்டினார். காட்டியது இடது கையால். வலது கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. சிதம்பரத்திலிருந்து வந்து இறங்கியதிலிருந்து பிடித்த பிடியை அவர் விட்டதாகத் தெரியவில்லை.

"அப்ப நீங்க சார்?"

"நான் பின்னால குழாயடியில ஊத்திக்குவேன். எனக்கு எதுக்கு ஷவரு?"

சத்யப்பிரியா இருசம்மாளைப் பார்த்தாள். அந்த அம்மா தரையைப் பார்த்தாள்.

"சார், எதுக்கும் ஸ்கிரீன் பாருங்க. நைலான் துணி. ஒரு கம்பி மாட்டினா போதும், இழுத்து மூடிக்கலாம். கூச்சமில்லாம குளிக்கலாம்."

"மூடுறது வேணாம்னுதானே கண்ணாடி கேக்கறேன்."

"கண்ணாடியில உப்புத் தண்ணி பட்டா ரெண்டே மாசத்துல வெள்ளை வெள்ளையா கறை பிடிக்கும் சார். தினம் துடைக்கணும்."

"தொடச்சுட்டாப் போச்சு. நானே தொடைக்கிறேன். கறை இருந்தா உள்ள தெரியாதுல்ல?"

கல்லாவில் இருந்த முதலாளி லூர்துசாமி நிமிர்ந்து பார்த்தார். விலை கூடின கண்ணாடியை விட்டுவிட்டு மலிவுத் துணியை விற்க ஒருத்தி மல்லுக்கட்டுவதை அவர் இதுவரை பார்த்ததில்லை.

"சத்யா, கஸ்டமர் கேக்கறதைக் காட்டும்மா."

காட்டினாள். எட்டு மில்லிமீட்டர் கனம், சுவர் வரைக்கும் வரும் தடுப்பு, நடுவில் கதவு. சுப்புராயன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மனைவியை நிறுத்தினார். இந்தப் பக்கம் வந்து பார்த்தார். நாலடி பின்னால் போய் இன்னொரு முறை பார்த்தார். அப்புறம் அவசரமாகப் போய் மறுபடியும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா தெரியுது. கட்டில்ல உக்காந்தா ஷவரு நேரா இருக்கும். அங்கேருந்தும் இப்படியே தெரியுமா?"

"நடுவுல பாத்ரூம் கதவு இருக்குமே சார்?"

"அதைக் கழட்டிப் போட்டாச்சு."

லூர்துசாமி பேனாவை மூடி வைத்தார்.

சத்யப்பிரியாவுக்குக் காது சூடாகிவிட்டது. இந்த வயதில் இந்த ஆளுக்கு என்ன புத்தி என்று பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய அம்மாவும் இப்படித்தான். துணிக்கடையில் தன் புடவைக்குக்கூட வாய் திறந்ததில்லை. அப்பா எதைக் காட்டுகிறாரோ அதுதான் புடவை. ஊரே அதை அடக்கம் என்று மெச்சிக்கொண்டது.

"அம்மா, நீங்க சொல்லுங்க. உங்களுக்கு எது வேணும்?"

இருசம்மாள் லேசாகச் சிரித்தாள். பதில் சுப்புராயனிடமிருந்து வந்தது.

"கண்ணாடிதாம்மா. அளவெல்லாம் எழுதிக்கிட்டு வந்திருக்கேன். பில்லு போடு."

"நான் அவுங்களைக் கேட்டேன் சார்."

"அவளுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

"வேணாம் சார். உள்ள நின்னு குளிக்கப் போறது அவுங்க. அவுங்க வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். சொன்னாத்தான் பில்லு போடுவேன்."

"சத்யா!" லூர்துசாமி எழுந்தே விட்டார். "உனக்கு இங்க வேலை வேணுமா வேணாமா?"

வேண்டும்தான். அவள் சம்பளத்தை நம்பி வீட்டில் நாலு பேர் இருந்தார்கள். ஆனாலும் நகரவில்லை. பயமாகத்தான் இருந்தது. கூடவே, அம்மாவுக்குச் செய்யாததை யாரோ ஒரு அம்மாவுக்காவது செய்கிறோம் என்று ஒரு நிறைவும் இருந்தது.

சுப்புராயன் கோபப்படுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். இருசம்மாள் தன் கையை அவர் பிடியிலிருந்து மெல்ல உருவிக்கொண்டாள். ஓரத்தில் தொங்கிய ஸ்கிரீனைத் தொட்டு, வேண்டாம் என்று விரலை ஆட்டினாள். பிறகு கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து டப் டப்பென்று இரண்டு தட்டுத் தட்டினாள். கடைசியாக சத்யப்பிரியாவின் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள்.

"பாத்தியாம்மா, கண்ணாடி யோசனையே இவளோடதுதான். மானம் போவும்டி, ஸ்கிரீனே போதும்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல" என்றார் சுப்புராயன். "இவளுக்குப் பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. நடை திரும்பிடுச்சு, பேச்சு திரும்பல. போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா. கூப்பிட முடியாம முக்கா மணி நேரம் கெடந்திருக்கா. ஷவரு சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சும்மா, குளிக்கிறான்னு நெனச்சு நான் கட்டில்ல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன்."