நூற்றொன்றாவது கை

துறைமுகத்தை உலக மன்றத்துக்குக் கொடுக்கும் சட்டம், வழக்கம்போல, நாடாளுமன்றம் ஓட்டுப் போடும் முன்பே அரசு அச்சகத்துக்கு வந்துவிட்டது. உலக மன்றத்தில் இருப்பவர்களை யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. ஆனால் அவர்கள் முன்கூட்டியே எழுதி அனுப்பும் ஓட்டுக்கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை. இன்று ஆதரவு 101, எதிர்ப்பு 99.

பிழை திருத்துபவர் 101-ஐச் சிவப்பில் வட்டமிட்டார். இருநூறு உறுப்பினர்களில் ஒருவரான அவருடைய மாமாவை நேற்றுதான் புதைத்தார்கள். முதல் பிடி மண் போட்டதே இவர்தான்.

"ஒருவழியா மாட்டிக்கிட்டாங்க," என்றார் மெஷின்காரரிடம். "இப்ப சபையில நூத்தித் தொண்ணூத்தொம்பது பேருதான். மாமா உயிரோட இருந்திருந்தாலும் இதுக்குக் கை தூக்கியிருக்க மாட்டாரு. செத்தாலும் தூக்க மாட்டேன்னு சொன்ன மனுஷன்."

"அவசரப்படாதீங்கண்ணே. சாயங்காலம் ஓட்டு முடியட்டும்."

சாயங்காலம் இருவரும் டிவி பார்த்தார்கள். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் சபாநாயகர். மூன்றாவது வரிசையில், தன் நாற்காலியில், மாமா உட்கார்ந்திருந்தார். கடைசியாக அவர் கை எழுந்தது. நகக்கண்ணில் மண் இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மெஷின்காரர் மேஜையில் கிடந்த தாளைக் காட்டினார். "அண்ணே, அந்த வட்டம்?"

பிழை திருத்துபவர் வட்டத்தை அடித்துவிட்டு, 'பிழை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குள் அடுத்த சட்டம் மேஜைக்கு வந்திருந்தது. ஆதரவு 200, எதிர்ப்பு 0.