ஏரி திருப்பித் தந்தவன்

அடி காணாத ஏரியின் கரையில் மாசிலாமணியின் செருப்பு கிடந்தது. ஏரிக்குள் இருப்பதாகச் சொல்லப்படும் பெரிய பாம்பு அவனை உள்ளே இழுத்துக்கொண்டது என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

"அது அறுந்துபோன பழசு. புதுசைப் போட்டுக்கிட்டு பஸ் ஏறிப் போனாரு, நான் பார்த்தேன்" என்று அவன் மனைவி அஞ்சலை தொண்டை வறளக் கத்தினாள்.

"புத்தி பேதலிச்சிருச்சு, பாவம்" என்று அவள் பொட்டை அழித்தார்கள். பாம்புக்குப் பால் ஊற்றினார்கள்.

நாலு வருஷம் கழித்து, நல்ல வெயிலில் அவன் நடந்து வந்தான். ஏரி திருப்பித் தந்துவிட்டதென்று மாலை போட்டு மேளம் அடித்தார்கள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அஞ்சலை அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"எங்க இருந்தேன்னு நீயே சொல்லுய்யா இவங்ககிட்ட!"

மேளம் நின்றது. காலில் விழுந்து கிடந்தவர்களை மாசிலாமணி பார்த்தான். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"உள்ளே ஒரே குளிரு" என்றான்.