வீடு பார்க்க வந்தவர்

"மாப்பிள்ளையின்ட பெரியப்பா சனிக்கிழமை வீடு பார்க்க வாறாராம்."

சோமசேகரம் இதை மனைவி பூரணியிடம் சொன்னபோது அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன், பாவம்.

அடுப்படி வாசலில் மகள் லோஜினி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பொய்யை அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

வரப்போகிறவர் மாப்பிள்ளை வீட்டார் இல்லை. பேங்க் அனுப்புகிற ஆள். அவர் வந்து வீட்டுக்கு விலை மதித்தால்தான், லோஜினியின் விமானிப் படிப்புக்குக் கடன் கிடைக்குமா இல்லையா என்று தெரியும்.

பூரணியிடம் நேரே கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டார்கள். போன மாதம்.

"இது என்ட அம்மா எனக்குத் தந்த சீதன வீடு. நாளைக்கு லோஜினிக்கு எழுதுற வீடு. இதை ஈடு வைச்சுப் படிச்சு, வேலை கிடைக்காட்டி? வீடும் இல்லை, கலியாணமும் இல்லை. பிள்ளையை நடுத்தெருவில விடச் சொல்லுறியளோ?"

"துறைமுகத்தில கப்பலுக்கு வழிகாட்டுற பைலட்மாரை ஏத்தி இறக்கிற போட்டை இருபது வருஷமா ஓட்டுறன். என்ட பிள்ளையும் ஒரு பைலட்டா வந்தா என்ன?"

"அது கப்பல் பைலட். விழுந்தாலும் தண்ணிக்குள்ளதான் விழுவினம்!"

சோமசேகரம் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அவள் பயத்தில் நியாயமும் இருந்தது. பெண்பிள்ளைக்கு வீடு இல்லை என்றால், திருகோணமலையில் சம்பந்தம் பேச ஆர் வருவார்கள்?

'முதலில் விலை தெரியட்டும், பிறகு அம்மாவை மெல்ல மெல்ல வழிக்குக் கொண்டுவரலாம்' என்பது லோஜினியின் எண்ணம். அலுமாரியில் இருந்த வீட்டு உறுதிப் பத்திரம் சத்தமில்லாமல் போட்டோக் கொப்பிக் கடைக்குப் போய் வந்தது.

சனிக்கிழமை அந்த மனிதர் வந்தார். கையில் பைலும் அளக்கிற டேப்பும்.

"வாங்கோ ஐயா, வாங்கோ!" பூரணி புதுச்சேலை கட்டியிருந்தாள். மேசையில் கேசரி, உழுந்து வடை, வாழைப்பழம். "முதல்ல கதிரையில இருங்கோ. சாப்பிட்டிட்டுப் பாப்பம்."

"வேலையை முடிச்சிட்டு எடுக்கிறனம்மா."

'வேலை' என்ற சொல்லைக் கேட்டதும் லோஜினி அப்பாவுக்குக் கண் காட்டினாள். அப்பா குறுக்கே விழுந்து, "பின்பக்கத்தால தொடங்குவம்" என்று அவரை இழுத்துக்கொண்டு போனார்.

பூரணி விடவில்லை. பின்னாலேயே போனாள்.

"நாலு அறை ஐயா. கருங்கல் அத்திவாரம். சண்டைக் காலத்தில பக்கத்து வளவில ஷெல் விழுந்தது, இந்தச் சுவரில ஒரு கீறல் இல்லை. கிணத்தைப் பாருங்கோ, ஆவணி வெயிலுக்கும் வத்தாது. வீதி இருபது அடி, லொறியே வந்து திரும்பும். எழுதுங்கோ ஐயா, எழுதுங்கோ!"

அவர் எழுதினார். லோஜினிக்குத் தாங்கவில்லை. இல்லாத மாப்பிள்ளைக்காக அம்மா வீட்டை மூலை மூலையாகப் புகழ்ந்து காட்டிக்கொண்டிருக்கிறாள். பெற்றவளை இப்படி ஏமாற்றித்தான் ஆகாயத்துக்குப் போகவேண்டுமா? கண் கலங்கிவிட்டது.

வந்தவர் இரண்டு வடையும் தேத்தண்ணியும் முடித்து விடைபெற்றார். கேற் சாத்துகிற சத்தம் கேட்டதும் லோஜினி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, என்னை மன்னிச்சிடுங்கோ. அவர் மாப்பிள்ளை வீட்டாள் இல்லை. எனக்குக் கடனும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நான் வேற ஏதும் படிக்கிறன்."

பூரணி கையை விடுவித்துக்கொண்டு கேசரித் தட்டை எடுத்தாள்.

"அவர் பேங்க் ஆளெண்டு எனக்குத் தெரியும்."

கதிரையில் சாய்ந்திருந்த சோமசேகரம் நிமிர்ந்தார். "எப்பிடி?"

"உறுதி என்ட பேரில இருந்தா, பேங்க்கில ஆருக்குப் போன் எடுப்பினம்? திங்கட்கிழமையே எடுத்திட்டினம். நீங்கள் ரெண்டு பேரும் எவ்வளவு தூரத்துக்குப் பொய் சொல்லுறியள் எண்டு பாப்பமெண்டு இருந்தனான்."

பூரணி கேசரியை இரண்டு கிண்ணத்தில் போட்டு அவர்கள் முன்னால் வைத்தாள்.

"படிச்சு முடியுமட்டும் வட்டியை மட்டும் கட்டலாமோ எண்டு நீங்கள் கேட்டனீங்களோ? நான் கேட்டனான். கட்டலாமாம். முன் அறை ரெண்டையும் வாடகைக்கு விட்டா அதைச் சமாளிக்கலாம்."

"அம்மா..." லோஜினி அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றாள். "ஏலாது எண்டுதானே நிண்டனீங்கள்? போன் வந்த உடனேயே மறிச்சிருக்கலாமே?"

"மறிக்கத்தான் வாயைத் திறந்தனான். அதுக்குள்ள பேங்க்கில இருந்து கதைச்ச அந்தப் பிள்ளை, 'பைலட்டின்ட அம்மாவோ கதைக்கிறது?' எண்டு கேட்டிட்டுது."

பூரணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நான் ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."